எடை திரும்ப ஏறினால் இன்னொரு ஒப்பரேஷனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 இல் கொழும்பில் எனக்கு ஸ்லீவ் ஒப்பரேஷன் நடந்தது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் போல விடுவார்களே, அதுதான். 118 கிலோவில் இருந்து 79க்கு இறங்கினேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 96க்கு ஏறினேன். 2023 இல் அந்த ஸ்லீவைப் பைபாஸாக, அதாவது இரைப்பையில் ஒரு சிறிய பையை மட்டும் பிரித்துக் குடலோடு இணைக்கிற முறையாக, மாற்றும் இரண்டாவது ஒப்பரேஷன் செய்துகொண்டேன்.

கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்தவர்களோடு தமிழில் கதைக்கத் தொடங்கியதில் இருந்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று பல இடங்களில் இருந்தும் எனக்குப் போன் வருகிறது. கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் டொக்டர் இல்லை. உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்பதை உங்களைப் பரிசோதிக்கிற சத்திரசிகிச்சை நிபுணர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

"ஒப்பரேஷன் செய்து நாலு வருஷம். இப்ப திரும்ப ஏறுது. ஒப்பரேஷன் பிழைச்சுப் போச்சா அக்கா?"

பெரும்பாலும் இல்லை. எடை ஆகக் குறைவாக இருப்பது முதல் ஒன்றிரண்டு வருடத்தில்தான். அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறுவது எல்லா வகை ஒப்பரேஷனிலும் நடக்கிறது. சுவீடனில் பல ஆண்டுகளாக நோயாளிகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 2007 இல் வெளிவந்தன. அதில் பைபாஸ் செய்தவர்கள் முதல் இரண்டு வருடத்துக்குள் சராசரியாக 32 வீத எடையை இழந்திருந்தார்கள். 10 வருடத்தில் அது 25 வீதமாக நின்றது. கொஞ்சம் ஏறியிருந்தார்கள், ஆனால் தொடங்கிய இடத்துக்குத் திரும்பவில்லை.

உடல் பருமன் என்பது சீனி வருத்தம், பிரஷர் மாதிரி நீண்டகால நோய். பிரஷர் மருந்து எடுக்கும் ஒருவருக்கு ஐந்து வருடம் கழித்துப் பிரஷர் ஏறினால் மருந்தை மாற்றிப் பார்ப்போம், ஆளைத் திட்ட மாட்டோம். எடைக்கும் அந்த நியாயத்தைக் கொடுங்கள்.

"எத்தனை கிலோ ஏறினால் பயப்பட வேணும்?"

எத்தனை கிலோ ஏறியது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. முதலில் எத்தனை கிலோ இழந்தீர்கள், அதில் எவ்வளவு திரும்பி வந்தது என்று பாருங்கள். உலக உடற்பருமன் சத்திரசிகிச்சை நிபுணர்கள் 2024 இல் வெளியிட்ட கருத்தொருமிப்பில், இழந்த எடையில் 30 வீதத்துக்கு மேல் திரும்பி வந்தால் அதை மீள்ஏற்றம் என்று எடுக்கலாம் என்றார்கள். 40 கிலோ இழந்தவருக்கு அது 12 கிலோ. நான் இழந்தது 39 கிலோ, திரும்பி வந்தது 17. கிட்டத்தட்ட 44 வீதம். அதே கிளினிக்கில் ஒரு தங்கச்சி 35 கிலோ இழந்து 5 கிலோ ஏறியதற்கே இரவில் நித்திரை இல்லாமல் இருந்தாள். அது 14 வீதம்தான்.

அதோடு, எடை ஏறும்போது சீனி, பிரஷர், நித்திரையில் மூச்சுத் தடைப்படுவது போன்ற பழைய நோய்களும் திரும்பி வருகின்றனவா என்று கவனியுங்கள். அவை வந்தால் 30 வீதம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

"வெட்டின இரைப்பை திரும்ப விரிஞ்சிட்டுது என்று சொல்லுகினம். அதுதான் காரணமோ?"

சிலருக்கு அது உண்மை. ஸ்லீவில் சுமார் 80 வீத இரைப்பை போய்விடும். மிச்சமுள்ள குழாய் காலப்போக்கில் அகலலாம், அல்லது முதலிலேயே மேல்பகுதி கொஞ்சம் கூட விடப்பட்டிருக்கலாம். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் அந்த மேல்பகுதியில்தான் கூடுதலாகச் சுரக்கிறது. பைபாஸ் செய்தவர்களுக்கு, சிறிய பையும் குடலும் சேரும் வாய் அகன்று போகலாம். அபூர்வமாக, பிரித்து விட்ட பழைய இரைப்பைக்கும் புதிய பைக்கும் நடுவில் ஒரு துளை உண்டாகலாம். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி இறுக்கும் பட்டி (பாண்ட்) போட்டவர்களுக்கு அது நழுவியிருக்கலாம்.

ஆனால் இரைப்பை விரியாமலேயே எடை ஏறியவர்கள் நிறையப் பேர். எடை குறைந்ததும் உடம்பு அதைப் பஞ்சகாலம் என்று நினைத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது, சக்தியைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலம், பிள்ளைப்பேறு, முழங்கால் வலியால் நடக்க முடியாமை, வீட்டில் ஒரு சாவு என்று எல்லாமே எடையில் தெரியும்.

"நான் சாப்பிடுறதே ஒரு கோழிமுட்டை அளவு. பிறகு எப்படி ஏறும்?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பொய் சொல்வதில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மாவின் வீட்டில் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து பார்த்தேன். மத்தியானச் சோற்றில் இரண்டு வாய், ஒரு துண்டு மீன். அதற்கு மேல் இறங்கவில்லை, நெஞ்சில் அடைத்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். மூன்று மணிக்குச் சீனி போட்ட பால் தேத்தண்ணி, அதில் ஒவ்வொன்றாகத் தோய்த்து ஆறு மாரி பிஸ்கட். நாலரைக்குப் பேரப்பிள்ளை மிச்சம் வைத்த ரோல்ஸ் பாதி. ஆறு மணிக்குத் திரும்பவும் தேத்தண்ணி. இரவு சொதியில் ஊறிய இடியப்பம் நாலு, வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவர் கண்ணுக்கு அன்று சாப்பிட்டது இரண்டு வாய்ச் சோறுதான்.

சுருங்கிய இரைப்பை கோழியையும் சோற்றையும் மறிக்கும். தோய்த்த பிஸ்கட்டையும் ஐஸ்கிரீமையும் நெக்டோவையும் மறிக்காது. கெட்டியான சாப்பாடு அடைக்கிறது என்பதற்காக மென்மையான சாப்பாட்டுக்கு மாறுவது மனிதருக்கு இயல்பு. அந்த அம்மாவுக்கு உண்மையில் வேண்டியிருந்தது எண்டொஸ்கோபி, வாய்வழியாகக் கமராக் குழாய் விட்டு உள்ளே பார்க்கிற பரிசோதனை. ஏன் சோறு அடைக்கிறது என்று யாருமே பார்த்திருக்கவில்லை. உள்ளே ஒரு இடம் ஒடுங்கியிருந்தது. அதை விரித்துவிட்ட பிறகு மீனும் முட்டையும் பருப்பும் இறங்கத் தொடங்கின, பிஸ்கட் தானாகவே குறைந்தது.

மருந்துகளையும் பாருங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், மன அழுத்தத்துக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் எடையைக் கூட்டும். தைரொயிட் குறைந்தாலும் ஏறும். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். எடுக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக் கொண்டுபோங்கள்.

"டொக்டரிட்டத் திரும்பப் போக வெக்கமா இருக்கு. ஏசுவாரே?"

நானும் 14 மாதம் போகவில்லை. 86 கிலோவில் போயிருந்தால் எனக்கு எத்தனையோ வழிகள் இருந்திருக்கும். ஏசுகிற டொக்டரும் இருக்கிறார், அதை மறைக்க மாட்டேன். ஒருவர் என் கோப்பைத் திறக்காமலே "வாயைக் கட்டவில்லை" என்றார். அடுத்த கிழமை வேறொருவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, "இரவில் நெஞ்செரிகிறதா?" என்றுதான். அந்த ஒரு கேள்வியில்தான் என் காரணம் வெளியே வந்தது.

"என்னென்ன டெஸ்ட் எடுப்பினம்?"

முதலாவது, பழைய ஒப்பரேஷனின் டயக்னோசிஸ் கார்ட். என்ன ஒப்பரேஷன், எப்படிச் செய்தார்கள் என்ற விபரம் இல்லாமல் இரண்டாவது நிபுணரால் சரியாகத் திட்டமிட முடியாது. தொலைந்துவிட்டால் செய்த இடத்திலேயே பிரதி கேளுங்கள்.

அப்புறம் எண்டொஸ்கோபி, பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.ரி. ஸ்கேன். இரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச்சத்தின் இருப்பு), பி12, விற்றமின் டி, கல்சியம், அல்புமின், மூன்று மாதச் சீனி அளவு, தைரொயிட். எடை கூடியிருப்பவருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்காது என்று நினைக்காதீர்கள். எனக்கு 96 கிலோவில் ஃபெரிட்டினும் விற்றமின் டியும் மிகக் குறைவாக இருந்தன. அவற்றைச் சரிசெய்யவே மூன்று மாதம் எடுத்தது. போசணை நிபுணரும் மனநல ஆலோசகரும் பார்ப்பார்கள். அதைத் தகுதிப் பரீட்சை என்று பயந்து, அவர்கள் கேட்க விரும்புவதைச் சொல்லிவிட்டு வராதீர்கள். இரவு இரண்டு மணிக்கு எழும்பிச் சாப்பிடுகிற பழக்கம் இருந்தால் அதை அங்கேதான் சொல்ல வேண்டும்.

"ரிவிஷன் என்றால் அதே ஒப்பரேஷனைத் திரும்பச் செய்யிறதோ?"

பெரும்பாலும் வேறொன்றாக மாற்றுவதுதான். ஸ்லீவைப் பைபாஸாக மாற்றலாம். பட்டியைக் கழற்றிவிட்டு ஸ்லீவோ பைபாஸோ செய்யலாம். ஸ்லீவைத் திரும்பச் சின்னதாக வெட்டுவதும் உண்டு, ஆனால் குழாய் தெளிவாக விரிந்திருப்பது படத்தில் தெரிந்து, நெஞ்செரிவும் இல்லாதவர்களுக்குத்தான் அதைப் பற்றி யோசிப்பார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அகன்ற வாயை எண்டொஸ்கோபி மூலமே தைத்துச் சுருக்கலாம், வயிற்றில் வெட்டு இல்லை. குடலின் நீளத்தை மாற்றுகிற முறைகளும் உண்டு. அவற்றில் எடை நன்றாகக் குறையும், சத்துக் குறைபாடும் கூட வரும்.

வீட்டில் சொல்லும்போது ஒரு விஷயம். பைபாஸ் என்றதும் என் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார், இதய ஒப்பரேஷன் என்று நினைத்து. இது இரைப்பை பைபாஸ். ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் அளவில் ஒரு சிறிய பை செய்து, குடலை அதோடு இணைப்பார்கள். இதயத்தைத் தொடுவதே இல்லை. ஒரு தாளில் படம் கீறிக் காட்டிய பிறகுதான் அம்மா சாப்பிட்டார்.

"அப்ப யாருக்குத்தான் ரிவிஷன் சரி?"

என் அபிப்பிராயம் இது: உள்ளே திருத்தக்கூடிய ஒரு காரணம் எண்டொஸ்கோபியிலோ படத்திலோ தெரிந்தவர்களுக்கு. அதிலும் முக்கியமாக, ஸ்லீவுக்குப் பிறகு கடும் நெஞ்செரிவு வந்தவர்களுக்கு. பின்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் 10 வருடம் ஒப்பிட்ட ஸ்லீவ்பாஸ் ஆய்வில், எண்டொஸ்கோபியில் உணவுக்குழாய் புண்பட்டிருந்தவர்கள் ஸ்லீவ் பக்கத்தில் 31 வீதம், பைபாஸ் பக்கத்தில் 7 வீதம். என் கதை இதுதான். மூன்று தலையணை வைத்துப் படுத்தேன். இரவு புளித்த தண்ணீர் தொண்டைவரை வரும். அதை அடக்கக் குளிர்ந்த பாலும் பிஸ்கட்டும் சாப்பிட்டேன். எடை அப்படித்தான் ஏறியது. நெஞ்செரிவுக்காகச் செய்வதென்றால் இரண்டு இணைப்புகள் உள்ள வழமையான பைபாஸைத்தான் பெரும்பாலும் விரும்புவார்கள். ஒரே இணைப்புள்ள மினி பைபாஸில் பித்தம் மேலே வர வாய்ப்பு உண்டு.

உள்ளே எல்லாம் சரியாக இருந்து, மேலே சொன்ன தேத்தண்ணி, பிஸ்கட் மாதிரிக் காரணம்தான் என்றால், முதலில் சாப்பாட்டு முறையையும் மருந்தையும் பாருங்கள். அந்தப் பழக்கம் எந்த ஒப்பரேஷனுக்குள்ளாலும் வழுக்கிக்கொண்டு போகும்.

"முதல் முறை மாதிரிக் கொட்டுண்டு போகுமா?"

இல்லை. இதைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு போங்கள். இரண்டாவது முறை பொதுவாகக் குறைவாகத்தான் இறங்கும். நான் 96இல் இருந்து 83க்கு வந்தேன், இப்போது 85. எழுபதுகளைத் திரும்பக் காணவில்லை. ஆனால் ஒரு தலையணையில் படுக்கிறேன், சீனி மாத்திரை நின்றுவிட்டது. 79 கிலோவில் எடுத்த கலியாண வீட்டுப் படத்தைப் பார்த்து அதுதான் வேண்டும் என்று போனால் ஏமாற்றம் மிஞ்சும்.

"இரண்டாவது ஒப்பரேஷன் ஆபத்துக் கூடவா?"

கூட. பழைய ஒப்பரேஷனால் உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், வெட்டித் தைத்த இடத்துக்கு இரத்தம் முன்போல் ஓடாது. அதனால் கசிவு, இரத்தப்போக்கு, ஒடுங்குதல் எல்லாவற்றுக்கும் முதல் முறையைவிட வாய்ப்பு அதிகம். சத்திரசிகிச்சை நிபுணரிடம் நேராகக் கேளுங்கள்: "ரிவிஷன் எத்தனை செய்திருக்கிறீர்கள்? கசிவு வந்தால் இரவில் யார் பார்ப்பார்கள்? அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா?" நல்ல டொக்டர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

சிகரெட் குடிப்பவர்கள் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். பைபாஸ் இணைப்பில் புண் வருவதற்கு அதுவும் டைக்ளோஃபெனக், புரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் முக்கிய காரணங்கள். தலையிடிக்குப் பனடோல் போடலாம். பார்மசியில் "வலிக்கு ஏதாவது தாங்கோ" என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

"இப்பதான் ஊசி வந்திட்டுதே. அதைப் போட்டால் போதாதா?"

பலருக்குப் போதலாம், ரிவிஷனுக்கு முன்பு கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. லிராகுளூடைட், செமாகுளூடைட், டிர்செபடைட் என்பவை பசியைக் குறைக்கும் ஊசிகள். 2023 இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வில், ஒப்பரேஷனுக்குப் பிறகு போதிய அளவு எடை குறையாத 70 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். 24 வாரத்தில் லிராகுளூடைட் போட்டவர்கள் சராசரியாக 8.8 வீதம் இழந்தார்கள், மருந்தில்லாத ஊசி போட்டவர்கள் 0.5 வீதம்.

பிரச்சினை, நிறுத்தினால் என்ன என்பது. செமாகுளூடைட் ஆய்வொன்றில், நிறுத்தி ஒரு வருடத்தில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. அதாவது மாதாமாதம் செலவு, நீண்டகாலம். வீட்டு வருமானத்தில் அது தாங்குமா என்று முதல் ஊசிக்கு முன்பே கணக்குப் பாருங்கள். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரும். ஏற்கனவே கொஞ்சமாகச் சாப்பிடுகிற நமக்குப் புரதம் இன்னும் குறைந்துவிடலாம்.

டொக்டரின் சீட்டு இல்லாமல், தெரிந்தவர் கையால், லேபிள் கிழிந்த ஊசிப் பேனாவை வாங்காதீர்கள். போலி ஓசெம்பிக் (செமாகுளூடைட் ஊசியின் ஒரு வர்த்தகப் பெயர்) பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டது. உண்மையான மருந்தும் குளிரூட்டிக்கு வெளியே வெயிலில் வந்திருந்தால் பயன் கெட்டுப்போகும். நெஞ்செரிவு, ஒடுங்குதல் போன்றவற்றை ஊசி திருத்தாது.

"கவுண்மென்ற் ஆஸ்பத்திரியா, தனியாரா, இந்தியாவுக்குப் போறதா?"

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், காத்திருப்பு நீளம். அவசரமில்லாத ரிவிஷனுக்குக் காத்திருப்பதில் கெடுதல் இல்லை. அந்த மாதங்களில் இரத்தக் குறைபாடுகளைச் சரிசெய்யலாம். தனியாரில் செய்வதென்றால், சேனல் பண்ணும் காசோடு நிற்காமல் சிக்கல் வந்து பத்து நாள் கூடத் தங்கினால் என்ன ஆகும் என்றும் எழுத்தில் கேளுங்கள்.

சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம்தான். ஆனால் இது போய்ச் செய்துவிட்டு வருகிற வேலை இல்லை. வாந்தி நிற்காத இரவில் கொழும்பில் உங்களைப் பார்க்க ஒருவர் வேண்டும், ஆயுள் முழுக்க இரத்தப் பரிசோதனையும் விற்றமினும் தொடர வேண்டும். இங்கே ஒருவர் பொறுப்பெடுக்கச் சம்மதித்த பிறகு போங்கள். ஒப்பரேஷன் முடிந்து சில நாட்களுக்குள் பறந்தால் காலில் இரத்தம் கட்டும் ஆபத்தும் உண்டு.

மொழி பற்றி. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொன்னது விளங்காவிட்டால் தலையாட்டாதீர்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்க முன்பு தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. பதின்மூன்று வயது மகளை மொழிபெயர்க்க வைத்த தகப்பன் ஒருவரைப் பார்த்தேன். "கசிவு வந்தால் உயிருக்கு ஆபத்து" என்பதை அந்தப் பிள்ளை அப்பாவிடம் சொல்லவில்லை. வளர்ந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

"மகளுக்கு 27. ஸ்லீவ் செய்தவள், கொஞ்சம் ஏறிட்டாள். சம்பந்தம் பேச முதல் ரிவிஷன் செய்து விடுவமோ?"

அம்மா, கலியாணத் திகதியை வைத்து ஒப்பரேஷன் திகதியைக் குறிக்காதீர்கள். அவளுக்கு நெஞ்செரிவோ சீனியோ இருக்கிறதா, அவள் விரும்புகிறாளா என்று முதலில் அவளிடம் கேளுங்கள்.

ஒரு முக்கியமான விஷயமும் இருக்கிறது. ஒப்பரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம்வரை கர்ப்பம் வேண்டாம் என்பார்கள், எடை வேகமாக இறங்கும் காலத்தில் குழந்தைக்குச் சத்துப் போதாது. பைபாஸுக்குப் பிறகு வாயால் எடுக்கும் கருத்தடை மாத்திரையை முழுதாக நம்ப முடியாது, வேறு முறையை டொக்டரிடம் கேட்க வேண்டும். இப்போது ரிவிஷன், ஆறு மாதத்தில் கலியாணம், உடனே பேரப்பிள்ளை என்ற கணக்கு அவள் உடம்புக்கு ஒத்துவராது. மாப்பிள்ளைக்குச் சொல்வதா என்று கேட்டால், சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் அவள் இரும்பும் பி12உம் எடுப்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

"கந்தசஷ்டி விரதம் பிடிக்கலாமோ? நோன்பு?"

முதல் வருடத்தில் வேண்டாம் என்பதே என் கருத்து. நமக்கு ஒரே மூச்சில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க முடியாது, பகல் முழுக்க இழந்ததை இரவில் ஈடுசெய்வது கஷ்டம். பிறகு, சீனி மருந்து எடுக்காதவர்கள் டொக்டரைக் கேட்டுவிட்டுப் பிடிக்கலாம். ஆறு நாளும் மிளகும் தண்ணீரும் மட்டும் என்பது ஸ்லீவ், பைபாஸ் செய்தவர்களுக்கு ஆபத்தானது. பால், பழத்தோடு பிடிக்கிற முறையும் இருக்கிறதே.

"எப்ப உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேணும்?"

ஒப்பரேஷன் முடிந்த முதல் கிழமைகளில் காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, இடது தோள்வலி, மூச்சு வாங்குதல் எதுவும் வந்தால் உடனே. அது கசிவாக இருக்கலாம். எத்தனை வருடம் கழித்தும், கறுப்பாக மலம் போனால் உடனே, உள்ளே இரத்தம் போகலாம்; பைபாஸ் செய்தவருக்கு விட்டு விட்டுக் கடும் வயிற்றுவலி வந்தாலும் உடனே, குடல் உள்ளே சிக்கியிருக்கலாம். "காஸ்" என்று இஞ்சித் தண்ணி குடித்துக்கொண்டு விடியும்வரை இருக்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு மேல் வாந்தி நிற்காவிட்டால் தயமின் என்ற பி1 குறைந்து மூளை பாதிக்கப்படலாம். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றக் கூடாது, அதை ஞாபகப்படுத்துங்கள்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இரவில் வருகிற டொக்டருக்கு உங்கள் வயிற்றுக்குள் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று தெரியாது. என் பேர்ஸில் தேசிய அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு சின்ன அட்டை இருக்கிறது. மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறேன்: ஸ்லீவ் 2018, பைபாஸ் 2023, டைக்ளோஃபெனக் கொடுக்க வேண்டாம், வாந்தி என்றால் முதலில் தயமின். கீழே தம்பியின் போன் நம்பர்.